பேனாவால் வரைந்த ஊஞ்சல் ஆடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இயற்பியல் சொல்லித் தருகிறவர்கள் சிலர், திரையில் பேனாவால் வரையும் லேப்டாப்பையும் அல்கோடூ மென்பொருளையும் வகுப்புக்குக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். பேனாவால் ஒரு வட்டம், ஒரு சரிவு, ஓர் அச்சு என்று வரைந்து ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால், படம் எடை பெற்று உருளும், விழும், ஆடும். ஓடினால் வகுப்பே எழுந்து நிற்கும். ஓடவில்லை என்றால் நாற்பது பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் தவித்துப் போவார். அந்தத் தவிப்பைத் தீர்க்கத்தான் இந்த வழிமுறை.

இந்த வகை மென்பொருளுக்கு நல்ல வம்சம் இருக்கிறது. கையால் கிறுக்கிய இயந்திரப் படத்தைக் கணினியே புரிந்துகொண்டு ஓட்டிக் காட்டும் 'அசிஸ்ட்' என்ற கருவியை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிறிஸ்டின் அல்வராடோவும் ராண்டால் டேவிஸும் 2001 வாக்கில் உருவாக்கினார்கள். அந்த எம்.ஐ.டி. ஆய்வின் தொடர்ச்சியாக, விண்டோஸ் டேப்லெட் பிசி காலத்தில் மைக்ரோசாஃப்டின் ஃபிசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. 2008இல் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் முதுகலை ஆய்வுக்காகச் செய்த 'ஃபன்', அடுத்த ஆண்டே அல்கோரிக்ஸ் நிறுவனத்தின் அல்கோடூவாக வளர்ந்தது. அல்கோடூ கணினிகளில் காசில்லாமல் கிடைக்கிறது என்பதால், கீழே உள்ள பட்டன் பெயர்களெல்லாம் அதற்கே உரியவை. காரணங்கள் மட்டும் எல்லா மென்பொருளுக்கும் பொது.

எதையும் திருத்துவதற்கு முன்னால் ஸ்பேஸ் பட்டனைத் தட்டி ஓட்டத்தை நிறுத்துங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். கோடு நீங்கள் இழுத்தபடி விழுந்ததா? விழுந்த கோட்டை மென்பொருள் சரியான பொருளாக எடுத்துக்கொண்டதா? எடுத்துக்கொண்ட பொருள் சரியாக அசைகிறதா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் குற்றம் பேனாவில், திரையில், கரண்டில். இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் வரைந்த விதத்தில். மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் அளவிலும் எண்ணிலும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேனா நடுங்குகிற மெஷினில் உராய்வு எண்ணை மாற்றிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

கோடு நெளிந்து நெளிந்து விழுகிறது

பெயின்ட் போன்ற சாதாரண வரையும் செயலியைத் திறந்து, திரைமேல் பிளாஸ்டிக் ஸ்கேலை மூலைவாக்கில் வைத்து, பேனாவை அதை ஒட்டி மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் நெளிவு மறைந்துவிடும். நிதானமாக இழுத்தால்தான் தெரியும். கோடு பாம்பு மாதிரி வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுங்கள். இரண்டாவது நேராக வந்தால் பேனாவில் குற்றமில்லை, சுவரில்தான்.

நம் பக்கம் இது அடிக்கடி வரக் காரணம் உண்டு. பழைய வளவு வீடுகளின் முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் நடக்கிற டியூஷன்களில், எர்த் கம்பி இல்லாத இரண்டு ஓட்டைப் பிளக் பாயின்ட் இன்னும் இருக்கிறது. மூன்று முனை சார்ஜரை இரண்டு முனை மாற்றியில் சொருகினாலும் எர்த் அறுந்துபோகும். சார்ஜரில் இருந்து கசியும் மின் இரைச்சல் போக வழியில்லாமல் மெஷினின் உடம்பில் தங்கும். தொடுதிரையும் பேனா உணரியும் மிக நுண்ணிய மின் மாற்றத்தை அளப்பவை, அதனால் அந்த இரைச்சலையும் கையசைவாக எண்ணிக்கொள்ளும். மெஷினின் உலோக மூடியில் புறங்கையை வைத்துத் தடவும்போது லேசாக விறுவிறு என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். எர்த் உள்ள பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். அது இல்லை என்றால் வகுப்புக்கு முன்பே சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்வது எப்படியும் நல்லது. கோட்டுக்கு மட்டுமல்ல, பிள்ளைகள் கை வைக்கிற இடம் அது.

சார்ஜரைப் பிடுங்கியும் நெளிவு போகவில்லை என்றால் பேனாவின் வகையைப் பாருங்கள். வேகாம் வகைப் பேனாக்களில் பல, திரைக்குப் பின்னால் இருக்கும் காந்தப் புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும், பேட்டரி கிடையாது. அந்த வகைக்குக் காந்தம் ஆகாது. காந்தப் பூட்டு வைத்த உறை, திரைக்கு அடியில் வைத்த ஸ்பீக்கர், இவை இருக்கும் இடத்தில் மட்டும் கோடு வளையும். பேட்டரி போடும் பேனாவில் வரும் குறை வேறு. பேட்டரி இறங்கும்போது கோடு நெளியாது, விட்டுவிட்டு அறுந்து வரும், அப்போது புது பேட்டரி போட்டுப் பாருங்கள். நுனி தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகிவிட்டால் நுனியை மட்டும் மாற்றலாம். மேலே ஒட்டிய கண்ணாடி தடிமனாக இருந்தாலும் ஓரங்களில் கோடு விலகும்.

பேனா ஓர் இடத்தில், கோடு வேறிடத்தில்

விலகல் திரை முழுக்க ஒரே அளவா, ஓரத்துக்குப் போகப் போகக் கூடுகிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் போய்க் காலிபரேட் செய்தால் தீரும். போகப் போகக் கூடினால் விண்டோஸ் திரையைப் பெரிதாக்கிக் காட்டுவதும் மென்பொருள் எண்ணிக்கொள்வதும் ஒத்துப்போகவில்லை. மென்பொருளின் ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய், டிபிஐ செட்டிங்கில் பெரிதாக்கும் வேலையை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். பழைய மென்பொருள்களில் இது பெரும்பாலும் பலிக்கும்.

புரொஜெக்டர் செருகியவுடன் தொடங்கிய விலகல் என்றால் கதை வேறு. மேசையில் வரைகிறீர்கள், சுவரில் வேறு மூலையில் கோடு விழுகிறது. பேனா எந்தத் திரைக்குச் சொந்தம் என்பதில் விண்டோஸுக்குக் குழப்பம். அதே டேப்லெட் பிசி செட்டிங்ஸில் செட்டப் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஒவ்வொரு திரையாக வெளுத்து, பேனாத் திரை இதுதானா என்று கேட்கும். புரொஜெக்டர் மாறும்போதெல்லாம் இதைச் செய்துவிடுங்கள்.

அச்சு வைக்கப் போனால் மெனு வந்து நிற்கிறது

சக்கரத்தின் நடுவில் பேனாவை ஊன்றுகிறீர்கள். நுனியைச் சுற்றி ஒரு வளையம் தோன்றுகிறது, எடுத்தவுடன் மெனு விரிகிறது. அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிற பழக்கம் இது. கோட்டின் தொடக்கம் தாமதமாக வருவதற்கும் இதுவே காரணம்: நீங்கள் பிடித்திருக்கப் போகிறீர்களா, இழுக்கப் போகிறீர்களா என்று அது காத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் போய், ப்ரஸ் அண்ட் ஹோல்டை நிறுத்துங்கள். நிறுத்தியபின் ரைட் கிளிக்குக்குப் பேனாவின் பக்கவாட்டு பட்டன்தான் வழி. அல்கோடூவின் பாதி வசதிகள் ரைட் கிளிக்கில்தான் இருப்பதால், அந்த பட்டன் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அதே பட்டன் எதிர்மறையாகவும் தொல்லை தரும். சின்னப் பிள்ளைகள் பேனாவை இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரல் அதன்மேல் அமர்ந்துவிடும். வரையப் போனால் காட்சி முழுக்க நகரும், அல்லது பொருள் தானாகத் திரும்பும். பேனாவைக் கையில் திருப்பி, பட்டன் ஆள்காட்டி விரல் பக்கம் வரும்படி பிடிக்கச் சொன்னால் போதும்.

சதுரம் வரைந்தால் உருளைக்கிழங்கு வருகிறது

இங்கே கோடு சரி, புரிதல்தான் தவறு. எம்.ஐ.டி.யில் கோட்டைப் புரிந்துகொள்ளும் ஆய்வு செய்தவர்கள் ஒன்றைக் கவனித்துப் பயன்படுத்தினார்கள்: மூலை வரும்போது மனிதக் கை வேகம் குறைக்கும். ஆகவே கோட்டின் வளைவை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் பார்த்து, எங்கே வளைவு கூடி வேகம் குறைகிறதோ அதுவே மூலை என்று கணித்தார்கள். கையெழுத்து வேகத்தில் சதுரத்தைச் சுழற்றிப் போட்டால் மூலை மழுங்கித்தான் வரும். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கை மூலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அது அந்தக் கையின் அழகு. ஆனால் இங்கே ஒவ்வொரு மூலையிலும் ஒரு கணம் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள். வட்டத்துக்கு நேர்மாறு: எங்கேயும் நிற்காமல், தொடங்கிய இடத்தைத் தொட்டு மூட வேண்டும்.

ரொம்பச் சின்னதாக வரையாதீர்கள். காட்சியைப் பெரிதாக்கிக்கொண்டு, உள்ளங்கை அளவுக்கு வரையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் தயங்காமல் பாக்ஸ் கருவியையும் சர்க்கிள் கருவியையும் எடுங்கள். கையால் வரைந்தால்தான் அறிவியல் என்று ஒன்றும் இல்லை. அளவெடுத்துச் சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால் கருவியால் வரைவதுதான் முறை. கையால் இழுத்த பெட்டியின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும், அது இரண்டு புள்ளியில் தத்தளித்து நிற்கும்.

ஊஞ்சல் ஆடவில்லை, ஆடினாலும் கணக்கு ஒத்துவரவில்லை

நான் விரும்பி எடுக்கிற பாடம் இது. பட்டாலையில் நான்கு சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகை எல்லாருக்கும் தெரியும், அதனால் திரையில் நடப்பது தவறு என்றால் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்த படத்துக்கு இரண்டு தண்டு, ஒரு பலகை போதும். தண்டின் மேல் நுனி பின்னணியோடு, கீழ் நுனி பலகையோடு, ஆக நான்கு ஆக்சில், அதாவது அச்சு.

முதல் அறிகுறி: ஓட்டினால் பலகை தொப்பென்று கீழே விழுகிறது, தண்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆக்சிலுக்கு ஒரு விதி உண்டு. அது விழும் புள்ளியில் இரண்டு பொருள் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் இரண்டையும் பிணைக்கும். ஒரே பொருள்தான் இருக்கிறது என்றால் அதைப் பின்னணியோடு பிணைத்துவிடும். தண்டின் கீழ் நுனி பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, அங்கே ஆக்சில் வைத்தால் அது பின்னணியில் போய்க் குத்திக்கொள்ளும். மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி என்று தண்டு சுவரில் அறையப்பட்டுவிட்டது, எப்படி ஆடும்? கன்ட்ரோல் இசட் அடித்து, தண்டின் நுனி பலகைக்குள் நன்றாக ஏறி நிற்கும்படி நகர்த்தி, இரண்டும் மேலடுக்கிக் கிடக்கும் இடத்தின் நடுவில் ஆக்சிலை வையுங்கள். கட்டை வண்டி வரைந்து அது அந்தரத்தில் தொங்குகிறது என்று சொல்பவர்களுக்கும் இதே மருந்து. சக்கரம் வண்டியோடு பிணையவில்லை, ஆகாயத்தோடு பிணைந்திருக்கிறது.

இரண்டாவது அறிகுறி நுட்பமானது. ஊஞ்சல் ஆடுகிறது. தண்டு 3 மீட்டர். புத்தகத்தில் உள்ள ஊசல் சூத்திரப்படி, நீளத்தை 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பை ஆல் பெருக்கினால் ஒரு முழு ஆட்டத்துக்கு 3.48 வினாடி வர வேண்டும். திரையில் 3.28 வினாடி வருகிறது. "சார், சாஃப்ட்வேர் தப்பு" என்று ஒரு பையன் சொல்வான். பலகைமேல் ஒரு கனமான பெட்டியை ஃபிக்ஸேட் செய்து, அதாவது அசையாமல் ஒட்டி வைத்தால் நேரம் 3.4க்கு மேல் ஏறும். "எடை கூடினால் நேரம் மாறக்கூடாதே சார்" என்று இன்னொரு குரல் வரும்.

மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. புத்தகச் சூத்திரம் எடையற்ற நூலுக்கானது. நீங்கள் வரைந்த தண்டுக்கோ எடை உண்டு. 2 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பலகை, 3 மீட்டர் நீளமும் 3.3 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள இரண்டு தண்டு: ஒரே பொருளால் ஆனவை என்றால், இருபரிமாண உலகில் பரப்பளவுதான் எடை, தண்டுகள் இரண்டும் சேர்ந்து பலகை அளவுக்கே கனக்கும். தண்டின் எடை அதன் நடுவில் இருக்கிறது, பலகையோ நுனியில். மேலே இருக்கும் எடை சீக்கிரம் திரும்பப் பார்க்கும், பலகையையும் சேர்த்து இழுக்கும். கணக்குப் போட்டால் புத்தக நேரத்தை ஒன்பதில் எட்டு என்ற பின்னத்தின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டிவரும். அது சுமார் 0.94. 3.48 என்பது 3.28 ஆவது இப்படித்தான். பெட்டி வைத்தபோது பலகைப் பக்கம் கனம் கூடியது, தண்டின் செல்வாக்கு குறைந்தது, நேரம் புத்தக விடையை நோக்கி நகர்ந்தது.

திருத்த வேண்டுமானால் தண்டின் அடர்த்தியை நூறில் ஒரு பங்காகக் குறையுங்கள். நேரம் 3.48க்கு வந்து ஒட்டிக்கொள்ளும். இனி பெட்டி வைத்தாலும் எடுத்தாலும் மாறாது. பெட்டியைப் பலகையின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும், நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் மாறாது. ஏனென்றால் இரண்டு பக்கமும் சம நீளத்தில் தொங்குவதால் பலகை சாயாமல் தரைக்கு இணையாகவே போய் வருகிறது. அதன்மேல் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அதே 3 மீட்டர் ஆரத்தில்தான் ஓடுகிறது. அப்பத்தா உட்கார்ந்து வெற்றிலை போட்டாலும் பேரன் நின்று ஆடினாலும் அந்த ஊஞ்சலுக்கு ஒரே தாளம்தான். மரத்தில் ஒற்றைக் கயிறு கட்டிப் பலகை போட்ட ஊஞ்சல் அப்படி இல்லை, நிற்கும்போது ஆளின் எடை மேலே ஏறி நேரம் குறையும். இதை வகுப்பிலேயே இரண்டையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டலாம்.

அப்படியும் நேரம் சற்றுக் கூடுதலாக வந்தால் எவ்வளவு தூரம் இழுத்துவிட்டீர்கள் என்று பாருங்கள். சூத்திரம் சின்ன ஆட்டத்துக்கு மட்டும். 60 டிகிரி தூக்கி விட்டால் நேரம் சுமார் ஏழு சதவீதம் நீளும். ஆட்டம் சீக்கிரம் அடங்கிப் போனால் கீழ் வரிசையில் காற்று உராய்வுப் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அல்கோடூ திறக்கும்போது அது எரிந்துகொண்டுதான் இருக்கும். புத்தகக் கணக்கோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பந்து நிலாவில் விழுவது மாதிரி மெதுவாக விழுகிறது

இது புவியீர்ப்பின் குற்றம் இல்லை. அளவு காட்டும் கட்டமான கிரிட்டைப் போட்டுப் பாருங்கள், அநேகமாக உங்கள் பந்து ஒரு வீட்டளவு இருக்கும். திரையில் ஒரு சாண் தெரிவது காட்சியில் 1 மீட்டராகவும் இருக்கலாம், 20 மீட்டராகவும் இருக்கலாம். எவ்வளவு தள்ளிநின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அரை மீட்டர்த் திண்ணையிலிருந்து விழுந்தால் 0.32 வினாடி. 1 மீட்டருக்கு 0.45 வினாடி. 20 மீட்டருக்கு 2.02 வினாடி. திரையில் ஒரே நீளம், நேரம் மட்டும் பல மடங்கு. தூரத்துக் கோபுரத்திலிருந்து விழும் கல் நிதானமாக இறங்குவதுபோலத் தெரிவதும் இதனால்தான். ஈர்ப்பைக் கூட்டி வேகமாக்கப் பார்க்காதீர்கள், அடுத்து வரும் எல்லாக் கணக்கும் கெட்டுப்போகும். பொருளை உண்மை அளவுக்குச் சுருக்கி, காட்சியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பந்து 20 சென்டிமீட்டர், திண்ணை அரை மீட்டர், ஆள் ஒன்றரை மீட்டர் என்று முதலில் ஒன்றை வரைந்துவிட்டு மற்றதை அதற்குத் தக்கபடி வரையுங்கள்.

கைக்கடிகாரத்தில் பார்த்தால் நேரம் கூடுதலாக வருகிறது

மெஷின் மெதுவானது என்றால் கணக்கு முடியும்வரை காட்சி காத்திருக்கும், எல்லாமே மெதுவாக ஓடும். உள்ளே ஓடும் நேரம் சரியாகத்தான் இருக்கும். வெளியே உள்ள கடிகாரத்தை நம்பாதீர்கள். பொருளை ரைட் கிளிக் செய்து ஷோ பிளாட் திறந்து, அந்த வரைபடத்தில் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை நேரத்தைப் படியுங்கள்.

காட்சி திணறுவதற்கு முதல் காரணம் தண்ணீர். பொருளை லிக்விஃபை செய்தால் அது நூற்றுக்கணக்கான துளிகளாகச் சிதறும், ஒவ்வொரு துளிக்கும் தனிக்கணக்கு. ஓட்டுச் சாய்ப்பிலிருந்து மழைநீர் முற்றத்துக்கு இறங்கி ஊருணிக்குப் போவதை வரைய ஆசைப்படுவது நியாயம், அருமையான பாடமும்கூட. ஆனால் ஊருணி முழுக்க நிரப்பாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் வைத்து ஓட்டுங்கள், பாதை புரிந்துவிடும். துளி ஒழுகினால் சுவரைத் தடிமனாக்குங்கள்.

பந்து சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போகிறது

மென்பொருள் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, வினாடிக்கு இத்தனை தடவை என்று விட்டுவிட்டுப் பார்க்கிறது. அல்கோடூவில் சாதாரணமாக 60 தடவை. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் அது 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சின்னப் பந்து, 10 சென்டிமீட்டர்ப் பலகை என்றால், முதல் பார்வையில் மேலே, அடுத்த பார்வையில் கீழே. மோதியதே அதற்குத் தெரியாது. ஆப்ஷன்ஸில் சிமுலேஷன் பகுதியில் இந்த எண்ணை 240 ஆக்கினால் இடைவெளி 8 சென்டிமீட்டராகச் சுருங்கும். மெஷின் வேலை நான்கு மடங்காகும் என்பதால், முதலில் பலகையைத் தடித்துப் பாருங்கள், பிறகு எண்ணைக் கூட்டுங்கள்.

ஓட்டியவுடன் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது

ஆத்தங்குடிக் கல்லை அடுக்கி வைத்தது மாதிரி பெட்டிகளை ஒட்டி ஒட்டி வரைந்திருப்பீர்கள். ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஏறியிருக்கும். ஓட்டம் தொடங்கும்போது, புகுந்து கிடப்பவற்றைப் பிரிக்க மென்பொருள் தள்ளும், ஆழமாகப் புகுந்திருந்தால் தள்ளு பலமாக இருக்கும். நிறுத்திய நிலையில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடுங்கள், ஓட்டினால் தானே இறங்கி அமரும். புகுந்துதான் இருக்க வேண்டும் என்றால் எது எதோடு மோதும் என்று பிரிக்கிற கொலிஷன் லேயரில் ஒன்றை ஏயிலும் மற்றதை பியிலும் போடுங்கள். தரை இரண்டிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி பாதாளத்துக்குப் போய்விடும். வெடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால், கனமானதை லேசானதன்மேல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தங்கத்தைக் கீழே வையுங்கள், மரத்தை மேலே.

சரிவில் உருளும் பந்தின் விடை புத்தகத்தோடு ஒட்டவில்லை

குன்றக்குடி மலை மாதிரி ஒரு சரிவு, 30 டிகிரி. வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்துக்குப் புத்தக விடை வினாடிக்கு வினாடி 3.5 மீட்டர் முடுக்கம். திரையில் 3.27 வருகிறது. இந்த மென்பொருளின் உலகம் காகிதம் போலத் தட்டை, அங்கே கோளமே கிடையாது. நீங்கள் வரைந்த வட்டம் ஒரு வட்டத்தகடு. கோளத்துக்கு ஏழில் ஐந்து பங்கு, தகட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு. சரிவில் உராய்வே இல்லாமல் வழுக்கும் பெட்டிக்கு முழுசாக 4.9. தேர்வுக் கேள்வியைத் திரையில் சரிபார்க்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோளம் என்று வரும் கணக்கை உருளை என்று மாற்றிக் கொடுத்தால் திரையும் தாளும் ஒத்துப்போகும். பந்து உருளாமல் சறுக்கினால் உராய்வு எண்ணைக் கூட்டுங்கள்.

வீட்டில் ஓடியது வகுப்பில் ஓடவில்லை

பெரும்பாலும் காட்சியை ஓடிய பிறகு சேமித்திருப்பீர்கள். அப்படிச் சேமித்தால் ஊஞ்சல் அடங்கிய நிலையில், பந்து தரையில் கிடக்கும் நிலையில்தான் கோப்பில் இருக்கும். வரைந்து முடித்ததும், ஸ்பேஸ் பட்டனைத் தட்டுவதற்கு முன்பே சேமியுங்கள். இரண்டு மெஷினிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் சில அமைப்புகள் விட்டுப்போக வாய்ப்புண்டு. திறந்ததும் திரை கறுப்பாகவே நின்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், அல்கோடூ ஓபன்ஜிஎல் வழியாகத்தான் வரைகிறது.

இதற்கு மேலும் தீராமல் வேறொருவரிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால், ஓட்டுவதற்கு முன் சேமித்த கோப்பையும், கிரிட் போட்ட நிலையில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையும், சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும் ஸ்கேல் வைத்து இழுத்த இரண்டு கோடுகளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.